கழுகுச் சிற்பமும் நகர மையமும்: இஸ்தான்புல் பெதெஸ்தான் பற்றிய ஒரு மறுவாசிப்பு

இஸ்தான்புல்லின் வணிக மையம் பைசாந்தியர் காலத்திலிருந்து அறுபடாமல் தொடர்ந்து வருவது என்னும் கருத்துக்கு, ஒரு சிறு கற்சிற்பத்தைச் சான்று காட்டும் வழக்கம் நெடுநாளாக உண்டு. மூடிய அங்காடியின் நடுவே, விலையுயர்ந்த சரக்கைப் பூட்டிக் காக்கும் வணிக மண்டபமாக எழுந்த பழைய பெதெஸ்தானின் கிழக்கு வாயில்மேல் ஒற்றைத்தலைக் கழுகு ஒன்று புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. சிற்பம் பைசாந்தியருடையது, ஆகவே கட்டடமும் அவர்களுடையது, ஆகவே 1453இல் நகரைக் கைப்பற்றிய இரண்டாம் மெகமது இருந்த சந்தையை எடுத்துக்கொண்டாரே தவிர, மையம் எதையும் உருவாக்கவில்லை. இவ்வாறு அந்த வாதம் மூன்று படிகளில் ஏறுகிறது. முதற்படியை ஏற்கலாம், மற்ற இரண்டுக்கும் அடித்தளம் இல்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஒரு சிற்பத்தின் காலம் அது பதிக்கப்பட்ட சுவரின் காலம் ஆகிவிடாது. ஒட்டோமானியக் கொத்தர்கள் பழைய கற்களைத் தயக்கமின்றி எடுத்தாண்டனர். அங்காடிக்கு அருகிலுள்ள பெயாசித் குளியல் மண்டபத்தின் அடிச்சுவரில் தியோதோசியஸ் தூணின் சிற்பத் துண்டுகள் இன்றும் தெரிகின்றன. அதைக்கொண்டு அம்மண்டபத்தைப் பைசாந்தியக் கட்டடம் என்று எவரும் சொல்வதில்லை. பெதெஸ்தானுக்கு மட்டும் வேறு அளவுகோல் ஏன்? கட்டட அமைப்பு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. எட்டுப் பெருந்தூண்கள் தாங்கும் பதினைந்து குவிமாடங்கள், நான்கு வாயில்கள், தடித்த சுவர்கள் என்னும் இவ்வமைப்பின் முன்னோடிகள் 1453க்கு முன்பே ஒட்டோமானியர் நகரங்களான புர்சாவிலும் எதிர்னேயிலும் எழுந்த பெதெஸ்தான்கள். கட்டுமானம் 1455–56இல் தொடங்கி 1460–61இல் முடிந்ததும், அதன் வருவாய் அயா சோபியாவின் வக்ஃபுக்கு எழுதிவைக்கப்பட்டதும் இதனோடு பொருந்துகின்றன. சுல்தானின் பெயரால் அமைந்த பெரிய பள்ளிவாசல் வளாகம் தொடங்கியது 1463இல்தான். வெறிச்சோடிய நகரில் மக்களைக் குடியேற்றிய அரசர், தம் பெயர் தாங்கும் பள்ளிவாசலுக்கு முன்பே விலையுயர்ந்த சரக்குக்கு ஒரு பூட்டிய வீட்டைக் கட்டினார் என்ற வரிசைமுறையைத் தற்செயலாகக் கருத எனக்கு மனம் ஒப்பவில்லை.

கட்டடம் புதிதாயினும் இடம் பழையது என்று மறுப்பு வரலாம். பைசாந்தியப் பெருவீதியான மெசேயின் தடத்தில் திவான்யோலு செல்கிறது. துறைமுகத்துக்கு இறங்கும் நெடுங்கடைத் தெருவும் பழைய தூண்வரிசைத் தெரு ஒன்றின் வழியே போகிறது. இவை உண்மை. ஆனால் நீண்டு கிடக்கும் தெரு தன் மையம் எது என்று தானே சொல்லாது. பைசாந்தியத்தின் கடைசி நூற்றாண்டுகளில் பெருவணிகம் பொற்கொம்புக் கரையில் வெனிசியரிடமும், எதிர்க்கரைக் கலாத்தாவில் ஜெனோவியரிடமும் இருந்தது. அதை மேட்டுக்கு இழுத்தது பெதெஸ்தான். பெதெஸ்தான் அல்ல, அதன் அருகே இருந்த பழைய அரண்மனைதான் இழுத்தது என்போருக்கு ஒரே விடை போதும்: அரசவை தோப்காப்பிக்குப் போனபின் அங்காடி அதன் பின்னே போகவில்லை.

அப்படி ஊன்றி நின்றதற்குக் காரணம் பூட்டும் வாடகையுமே. இரவில் அடைபடும் வாயில்களுக்குள் நகையும் பட்டும் அடைக்கலப் பொருளும் காப்பாக இருந்தன; வாடகை வக்ஃபுக்குச் சேர்ந்ததால் கட்டடத்தைப் பேண நிலையான உரிமையாளர் இருந்தார். சுற்றியிருந்த கடைத்தெருக்கள் தீயிலும் 1894 நிலநடுக்கத்திலும் சிதைந்தபோதெல்லாம் இந்தக் கருவைச் சுற்றியே மீண்டும் எழுந்தன. நகர மையங்களை வீதித் தடங்களிலிருந்து மட்டும் வாசிக்கும் முறை, பொருளைக் காத்த சுவர்களையும் அச்சுவர்களைக் காத்த உடைமை ஏற்பாட்டையும் காணத் தவறுகிறது. வணிகக் கட்டடம் மையத்தில் வந்து அமர்வதுமட்டும் அல்ல, மையத்தை ஆக்கவும் வல்லது. இஸ்தான்புல்லில் அது ஆக்கியது.