வித்தியாசாகரரின் அச்சுக்கூடம்

கொல்கத்தாவில் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளில் பிள்ளைகளுக்கு வங்க எழுத்தைப் பயிற்ற வேண்டுமாயின், கடைக்காரர் முதலில் எடுத்துத் தருவது ‘வர்ண பரிசய்’ என்னும் மெலிந்த புத்தகமே. 1855ஆம் ஆண்டில் இரண்டு பாகங்களாக வெளிவந்த அந்நூல் இன்றும் அச்சாகி வருகிறது. அதை இயற்றிய ஈசுவரசந்திர வித்தியாசாகரரைக் கல்விமானாகவும் சீர்திருத்தவாதியாகவும் நாம் அறிவோம். தம் நூல்களைத் தாமே அச்சிட்டு விற்ற பதிப்பாளராகவும் அவர் விளங்கினார் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

1847இல் சமஸ்கிருதக் கல்லூரியில் துணைச் செயலாளராயிருந்த அவர், மேலிருந்தவரோடு கருத்து வேறுபட்டு அப்பதவியை உதறினார். காய்கறி விற்றேனும் பிழைத்துக்கொள்வேன் என்று அப்போது அவர் சொன்னதாக ஒரு செய்தி வழங்குகிறது. அவர் விற்றது புத்தகம். அதே ஆண்டில் நண்பர் மதன்மோகன் தர்க்காலங்காரரைக் கூட்டாளியாகக் கொண்டு ‘சமஸ்கிருத அச்சகம்’ நிறுவினார். மரத்தாலான அச்சுப்பொறி ஒன்றை வாங்க வேறொரு நண்பரிடம் 600 ரூபாய் கடன் பெற்றார். பின்னர், பாரதசந்திரர் என்னும் பழம்புலவரின் ‘அன்னதாமங்கள்’ காவியப் பிரதியைக் கிருஷ்ணநகர் அரண்மனையினின்று வருவித்துத் திருத்தமாக அச்சிட்டார். ஆங்கில அதிகாரிகளுக்கு நாட்டு மொழிகளைக் கற்பித்த வில்லியம் கோட்டைக் கல்லூரி, பிரதி ஆறு ரூபாய் வீதம் 100 பிரதிகளை வாங்கிக்கொண்டது. கடன் தீர்ந்தது.

அக்கல்லூரியின் பொருட்டு வேதாளக் கதைகளை இந்தியிலிருந்து வங்கமொழியில் அவர் பெயர்த்தளித்ததும் அவ்வாண்டிலேயே. கோப்புகளைப் பெயர்த்தெழுதுவதிலேயே காலங்கழிக்கும் நம்மைப் போன்றோர்க்கு இச்செய்தி சிறிது ஊக்கமளிக்கிறது. இரண்டாண்டு கழித்து, 1849இல், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் சென்னையிலிருந்து அச்சுப்பொறி வாங்கிச் சென்று, தாமே பாலபாடங்களை எழுதி வெளியிடலானார் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

அச்சுக்கூடத்தை வித்தியாசாகரர் வெறும் கடையாக நடத்தவில்லை. அச்சுக் கோப்போர் ஈய எழுத்துகளை விரைந்தெடுக்குமாறு அறைப்பெட்டியில் அவற்றின் இருப்பிடங்களை ஒழுங்குபடுத்தினார். அவ்வமைப்பு அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. ‘வர்ண பரிசய்’ நூலில் நெடுங்கணக்கையே சீர்ப்படுத்தினார். வங்கமொழியில் பயனற்றுக் கிடந்த இரண்டு நெடில்களை நீக்கினார். அனுசுவாரத்தையும் விசர்க்கத்தையும் உயிர் வரிசையினின்று மெய் வரிசைக்கு மாற்றினார். உயிர் 12, மெய் 40 என வரையறுத்தார். எழுதுபவரே அச்சிடுபவருமாய் இருந்தமையால் இத்துணிவு எளிதாயிற்று என்பது நம் கருத்து. பிறர் அச்சகமாயின், புதிய வரிசைக்கு எத்தனை தடை எழுந்திருக்கும்!

அதே 1855ஆம் ஆண்டில் கைம்பெண் மறுமணத்தை ஆதரித்து இரண்டு நூல்களை வெளியிட்டார். நாடெங்கும் பெருங்கிளர்ச்சி மூண்டது; வசைக்கும் குறைவில்லை. 1856 ஜூலையில் சட்டம் நிறைவேறியது. பின்னர் 35 பெண் பள்ளிகளைத் திறந்து, அவற்றின் செலவை ஏற்க அரசினர் மறுத்தபோது கல்வி இயக்குநரோடு பிணங்கி, 1858இல் மாதம் 500 ரூபாய் ஊதியத்தையும் துறந்தார். அக்காலத்தில் இந்தியர் ஒருவர்க்கு அது பெருந்தொகை. புத்தக வருவாய் கையிலிருந்திராவிடில் அவ்வாறு எழுந்து வந்திருக்க இயலுமோ என்பது ஐயமே.

எனினும் அவ்வருவாய் அவர் கையில் தங்கவில்லை. மறுமணங்களைத் தம் செலவிலேயே நடத்திவைத்துக் கடனாளியானார். வெர்சேல்ஸ் நகரில் வறுமையுற்றிருந்த கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தருக்கு 1864 முதல் பணம் அனுப்பியதும் கடன் வாங்கித்தான். கூட்டாளியோடு கொண்ட நட்பும் முன்னரே முறிந்திருந்தது. அவர் மறைந்து பல்லாண்டு சென்றபின், ‘சிசு சிட்சா’ நூலின் உரிமையைப் பற்றி அவருடைய மருமகன் சாற்றிய குற்றத்துக்கு 1888இல் ஒரு சிறு நூலே எழுதி மறுமொழி கூற நேர்ந்தது.

1869இல் அச்சகத்தின் மூன்றில் இரண்டு பங்கை 8000 ரூபாய்க்கு விற்றார். 1875இல் எழுதிய உயிலில் தம் ஒரே மகனை விலக்கி, தம்மை அண்டி வாழ்ந்த உற்றாரும் பிறருமாகிய பலர்க்கு மாதந்தோறும் இன்ன தொகை எனப் பெயர் பெயராகக் குறித்துவைத்தார்.