சாரங்கபாணியின் பதங்கள்: முத்திரையும் மொழியும்

கார்வேட்டிநகரம் என்னும் பெயரைக் காடுவெட்டிநகரம் என்பதன் திரிபாகக் கொள்வது அவ்வட்டார வழக்கு. பெயர் விளக்கம் தமிழாக இருக்க, அவ்வூர்ச் சிற்றரசின் அவையில் வளர்ந்த பாடல்கள் தெலுங்கில் அமைந்தன. வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் பெருஞ்சமீன்களுள் ஒன்றாயிருந்த இப்பகுதி, 1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதனுள் அடங்கியது. 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது, இச்சமீனின் ஆளுகைக்கு முன்பு உட்பட்டிருந்த திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. கார்வேட்டிநகரம் ஆந்திரப் பிரதேசத்தில் நின்றது. ஆட்சியெல்லை இவ்வாறு பிரிந்தபோதும், அவ்வூரின் பாடல்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே எல்லையைக் கடந்து தமிழ்ப் பாடகர்களின் உடைமையாகிவிட்டிருந்தன. அப்பாடல்களுள் தலைமையானவை சாரங்கபாணியின் பதங்கள்.

சாரங்கபாணி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவர். அவர் இயற்றியனவாக அச்சில் கிடைப்பவை ஏறத்தாழ 220 பதங்கள். அவற்றுள் பெரும்பாலானவை கார்வேட்டிநகரத்து வேணுகோபாலனை முன்னிறுத்திப் பாடப்பட்டவை. பிற்காலத்தில் வர்ணங்களால் புகழ்பெற்ற கோவிந்தசாமய்யாவும் இவ்வவையைச் சார்ந்தவரே. எனினும் வர்ணத்தில் இசையே முதன்மை பெறுவதால் மொழியாய்வாளருக்கு அவரிடம் கிடைப்பது குறைவு. பதமோ சொல்லை நம்பி நிற்பது. பெண்ணொருத்தி தலைவனிடமோ தோழியிடமோ நேர்நின்று பேசும் பேச்சு அது. தாழ்ந்த நடையில், ஒவ்வொரு சொல்லும் அவிநயத்துக்கு இடங்கொடுக்கும்படி பாடப்படுவது. சாரங்கபாணியிடம் அப்பேச்சு அவ்வட்டாரத் தெருவழக்கை ஒட்டியது. ஏளனமும் குறும்பும் அவரிடம் மிகுதி.

இப்பாடல்களின் ஆசிரியரை அறிவிப்பது பெரும்பாலும் ஒரே ஒரு சொல். வேணுகோபாலன் என்று வந்தால் சாரங்கபாணி. முவ்வகோபாலன் என்று வந்தால், 17ஆம் நூற்றாண்டைச் சார்ந்த க்ஷேத்ரய்யா. இரு முத்திரைகளும் பிற்பகுதியில் ஒன்றே. முற்பகுதியிலும் ‘வேணு’, ‘முவ்வ’ என்பன தெலுங்கு யாப்பின்படி குருவும் இலகுவுமாக மும்மாத்திரை பெறும். தமிழ் யாப்பின்படி நோக்கினும் இரண்டும் தேமாவே. எனவே ஒன்றை எடுத்து மற்றொன்றை வைத்தால் தாளம் சிறிதும் பிறழாது. பாடுவோர் தமக்குப் பழகிய பெரும்புலவரின் முத்திரையை அறியாமலே இட்டுப் பாடவும் இது வாய்ப்பளிக்கும். சாரங்கபாணிக்கு உரியனவாகச் சொல்லப்படும் சில பதங்கள் க்ஷேத்ரய்யா தொகுதிகளிலும் இடம்பெற்றிருப்பதை நோக்குமிடத்து, முத்திரையை மட்டும் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது என்பது தெளிவு. முத்திரை நிற்கும் இடம் யதி பேணப்பட்ட இடமாயின், வகரத்துக்கு மோனையா மகரத்துக்கு மோனையா என்று ஓரளவு சோதிக்கலாம். யதி நெகிழ்ந்த இடங்களில் நடைவேறுபாடே துணை. க்ஷேத்ரய்யாவின் பெண்கள் ஊடலிலும் ஒரு நிதானம் காட்டுவர். சாரங்கபாணியின் பெண்கள் அவ்வளவு பொறுமையுடையவர் அல்லர்.

பாடல்கள் நிலைபெற்ற வழியும் இச்சிக்கலுக்கு ஒரு காரணம். கார்வேட்டிநகரத்துக்கு அண்மையிலுள்ள திருமலையில், 15ஆம் நூற்றாண்டின் அன்னமாச்சாரியார் (1408-1503) பாடிய கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுக் கோயிலிலேயே வைக்கப்பட்டன. சொல் பிழைத்தது, ஏடுகளில் இராகப்பெயர் இருந்தும் பாடுமுறை மறைந்தது. 20ஆம் நூற்றாண்டில் அவை வெளிவந்தபின் இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றோர் புதிதாக இசையமைக்க வேண்டியிருந்தது. சாரங்கபாணிக்கு நேர்ந்தது இதற்கு மறுதலை. அவருக்குச் செப்பேடு இல்லை. அவர் பாடல்களை ஆடல் மகளிரும் அவர்தம் ஆசிரியரும் வாய்வழியே காத்தனர். சென்னையில் வீணை தனம்மாளின் (1867-1938) குடும்பமும், அவர் பேத்தி டி. பிருந்தாவும் (1912-1996) பதங்களைப் பாடமாகக் கைம்மாற்றியதால், கேட்கத்தக்க வடிவில் அவை எஞ்சின. 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தபோது பதங்களின் சமூகக் களம் மறைந்தது. பாடம் கச்சேரி மேடையிலும் ஒலிப்பதிவிலும் தொடர்ந்தது.

ஒலிப்பதிவு இங்கு இருமுனைச் சான்று. நிமிடத்துக்கு 78 சுழற்சி கொண்ட பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடங்களைச் சற்றே கடந்து முடிந்துவிடும். தாழ்ந்த நடையில் பாடவேண்டிய பதத்துக்கு அது போதாது. பல்லவி, அனுபல்லவி, ஒரு சரணம் என்னும் அளவில் பாடல் சுருங்கும். இசைத்தட்டு வருமுன்னரே சரணங்களைக் குறைக்கும் பழக்கம் உண்டு என்பது உண்மை; தட்டு அதனை நிலைப்படுத்தியது. முத்திரை கடைசிச் சரணத்தில் மட்டும் அமைந்த பாடலில், சரணம் விடுபடும்போது ஆசிரியர் பெயரும் விடுபடும். பெண்ணின் வாதம் சரணந்தோறும் வளர்ந்து செல்லும் பாடலாயின், எஞ்சுவது தொடக்கக் கேள்வி மட்டுமே.

ஆயினும் ஒலிப்பதிவைத் தாழ்த்தி மதிப்பிட இயலாதபடி தமிழெழுத்து நிற்கிறது. பாடகர் பலர் தெலுங்குப் பாடல்களைத் தமிழெழுத்திலேயே குறித்துவைத்துப் பயின்றனர். தெலுங்கில் ககரவொலி வேறுபாட்டால் பொருள் வேறுபடும் சொற்கள் பல. வல்லொலியாகிய முதற் ககரத்தில் தொடங்கினால் ‘காலி’ காலைச் சார்ந்தது. மூன்றாம் ககரத்தில் தொடங்கினால் காற்று. ‘படி’ என்பது முதற் பகரத்தில் விழுந்து என்றும், மூன்றாம் பகரத்தில் பள்ளிக்கூடம் என்றும் பொருள்படும். தமிழ்க் குறிப்பேட்டில் இவை ஒரே வடிவம். இசைநூல்களை அச்சிட்டோர் எழுத்தின்மேல் எண்ணிட்டு இக்குறையைத் தீர்க்க முயன்றனர். கையேடுகளில் எண் எப்போதும் இடப்படுவதில்லை. ஆசிரியரிடம் செவிவழிப் பயின்ற பாடகர் வாயில் அவ்வேறுபாடு பிழைத்திருப்பின் இசைத்தட்டு அதனைக் காட்டும். ஆகவே சொல்லின் எண்ணிக்கைக்கு அச்சுநூலையும், சொல்லின் ஒலிக்குப் பாடகரையும் நம்புவதே தகும். மொழிபெயர்ப்பாளர் பலர் அச்சுநூலோடு நின்றுவிடுவது வருந்தத்தக்கது.

மொழிபெயர்ப்பில் இப்பதங்கள் அடைந்த நற்பேறு 1994இல் கலிபோர்னியா பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கிலத் தொகுதி. ஏ. கே. இராமானுசன், வெல்சேரு நாராயண ராவ், டேவிட் சுல்மன் ஆகிய மூவரும், அன்னமாச்சாரியார், உருத்திரகவி, க்ஷேத்ரய்யா ஆகியோரோடு சாரங்கபாணியையும் அதில் சேர்த்தனர். கடவுளையே பரத்தையிடம் வரும் வாடிக்கையாளராகக் காட்டும் தலைப்பு அந்நூலுக்கு. சீவான்மா பரமான்மாவை நாடுவதே பதம் என்ற வழக்கமான உரையை அது ஏற்கவில்லை. அவ்வுரையைக் கொண்டு சாரங்கபாணியைப் படித்தால் அவருடைய ஏளனம் முழுவதும் வீணாகும்.

தமிழில் பெயர்ப்போருக்கு வேறொரு இடர் உண்டு. தலைவி, தோழி, பரத்தை என்னும் அகத்திணைச் சொற்கள் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. அவற்றை எடுத்தவுடன் பேச்சு சங்கச் செய்யுளின் உயரத்துக்கு ஏறிவிடும். பேரமும் வசையும் அங்கே ஒட்டா. சாரங்கபாணியின் காலத்தோடு ஒட்டிய தமிழிலேயே பொருத்தமான நடை இருந்தது. சுப்பிரதீபக் கவிராயரின் கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது, பொருள் பறிக்கும் பரத்தையும் அவள் தாயும் பேசும் பேச்சை மறைப்பின்றித் தருகிறது. சொற்களஞ்சியத்துக்கு அந்நூல் போதும். ஆனால் விறலிவிடு தூதில் கதை சொல்பவன் ஆண்; பெண்ணின் சொற்கள் அவன் வழியாகவே வருகின்றன. பதத்தில் பெண்ணுக்கு இடையாள் இல்லை. அந்நேர்க்குரலுக்கு முக்கூடற்பள்ளில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஒருவரையொருவர் ஏசும் பகுதியே அண்மையது. அங்கே பேசுவோர் வயலில் உழைக்கும் பெண்கள், இங்கே பேசுவோர் இசையும் கல்வியும் கற்ற கணிகையர் என்பதை மனத்திற்கொண்டு, அந்நடையைச் சற்றே மெருகிட வேண்டியிருக்கும்.