புளியஞ்சோலையில் ஒரு புறநானூற்றுப் பாட்டு



ஆடிப் பதினெட்டையொட்டிக் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடக்கும். ஓரி என்றதும் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்த அம்புதான் எல்லாருக்கும் நினைவு வரும். வன்பரணர் பாடிய புறநானூறு 152-ஆம் பாட்டில் அது வருகிறது. ஆனால் அம்பு பாட்டின் தொடக்கம் மட்டுமே. பிறகு நடப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

காட்டில் வில்லோடு நிற்பவர் ஓரியா, வேறு ஒருவரா என்று வந்த கலைஞர் கூட்டத்துக்குத் தெரியவில்லை. ஆனாலும் அங்கேயே பாட முடிவு செய்கிறார்கள். முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை என்று ஒவ்வொரு கருவியும் தயாராகிறது. 21 துறையும் பாடி முடித்து ‘கோ’ என்றதும், அது தன் பெயர் என்பதால் அவர் நாணுகிறார். சமைத்த மான் இறைச்சியும் மதுவும், தன் மலையில் கிடைத்த பொன்னும் மணியும் அந்தக் காட்டு வழியிலேயே தருகிறார்.

மலையின் மேல்பரப்பு நாமக்கல் மாவட்டம். கிழக்கு அடிவாரமான நம் புளியஞ்சோலை திருச்சி மாவட்டம். மேலே அறப்பளீசுவரர் கோயில் அருகே ஆகாய கங்கையாக விழும் அய்யாறுதான் இங்கே பாறைகளுக்கிடையே ஓடுகிறது. பஸ் ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள் மேற்குப் பக்கம். இந்தப் பக்கம் கால்நடைப் பாதைதான்.

ஒருமுறை ஒன்பதாம் வகுப்பை அங்கே அழைத்துப்போய் இந்தப் பாட்டை நடிக்கச் சொன்னேன். உள்ளூரில் ஒரு பறை இரவல் வாங்கியிருந்தோம். அடித்தால் ஓசையே எழவில்லை. வகுப்பில் வாய் திறக்காத ஒரு பையன் எழுந்தான். “ஆத்தங்கரை ஈரத்துல தோல் தொய்ஞ்சிடும் ஐயா, தீயில காட்டணும்” என்றான். சருகு கூட்டிக் காய்ச்சி அவனே அடித்தான். அந்த ஓசை ஆற்று இரைச்சலையும் தாண்டிப் போனது. அப்பா பறையடிப்பவர் என்று அவனைக் கேலி செய்த பையன்களே சுற்றி நின்று ஆடினார்கள். பாடும் முன் கருவிகளைச் சரிசெய்யச் சொல்லும் வரிகள் ஏன் அத்தனை என்பது அன்று வகுப்புக்கே புரிந்தது.

ஓரிக்குச் செம்மேட்டில் சிலை இருக்கிறது. அவர் கொடையை நமக்குச் சொன்னவர்கள் முழவும் யாழும் தூக்கி மலையேறிய அந்தக் கலைஞர்கள்.

விடுமுறைக்குப் புளியஞ்சோலை போகும்போது 152-ஆம் பாட்டை எடுத்துச் செல்லுங்கள். ஆற்றங்கரையில் பிள்ளைகளிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். ஊர்த் திருவிழாவில் பறையடிப்பவரிடம் அவர் கருவியைப் பற்றிப் பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். எந்த உரையிலும் இல்லாத செய்தி அவரிடம் கிடைக்கும்.

அன்புடன்,
உங்கள் தமிழ் ஐயா