ஒரு கண் போதும்!



'மனிதன் உயர்வது அதிர்ஷ்டத்தாலா, மன உறுதியாலா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னாலே பேசிய அன்பர், "கிரிக்கெட்டைப் பாருங்க, டாஸ் போட்டுத்தானே ஆட்டமே தொடங்குது! அதிர்ஷ்டம் இல்லாம அங்கே என்ன இருக்கு?" என்று கேட்டார். கைதட்டலும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். சரிங்கய்யா, அந்தக் கிரிக்கெட்டிலிருந்தே நான் பதில் சொல்கிறேன்.

மன்சூர் அலி கான் பட்டோடி. 'டைகர்' பட்டோடி என்றால் நம் வீட்டுத் தாத்தாக்களுக்கு நன்றாகத் தெரியும். 46 டெஸ்ட் பந்தயங்கள் ஆடினார். அதிலே 40 பந்தயங்களில் இந்திய அணிக்குத் தலைவர்.

"அவர் நவாப் வீட்டுப் பிள்ளையாச்சே! அதைவிட அதிர்ஷ்டம் வேணுமா?" என்று எதிரணியிலே முணுமுணுப்பது கேட்கிறது. நான் மறைக்கவில்லை. 1941 ஜனவரி 5-ஆம் தேதி போபாலிலே பிறந்தார். தகப்பனார் பட்டோடி சமஸ்தானத்து நவாப். இங்கிலாந்துக்காகவும் ஆடியவர், 1946-இல் இந்திய அணிக்குத் தலைமையும் தாங்கியவர். ஆனால் அந்த அதிர்ஷ்டம் எத்தனை நாள் கூட வந்தது? 1952-இலே, மகனுடைய பதினோராவது பிறந்தநாள் அன்றைக்கே, போலோ விளையாடும்போது அந்தத் தகப்பனார் இறந்துபோனார்.

அடுத்த அடி 1961 ஜூலை 1-ஆம் தேதி. பிள்ளைக்கு வயது 20. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அணியின் தலைவர். இங்கிலாந்தின் ஹோவ் நகரத்திலே ஒரு கார் விபத்து. கண்ணாடிச் சில்லு வலது கண்ணிலே பாய்ந்துவிட்டது. அந்தக் கண்ணின் பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது.

தாய்மார்களே! நீங்கள் வீட்டுக்குப் போனதும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஊசியிலே நூல் கோத்துப் பாருங்க. அப்போ தெரியும் அந்தக் கஷ்டம்! ஒரு பொருள் எவ்வளவு தூரத்திலே இருக்கிறது என்பதை இரண்டு கண்ணும் சேர்ந்துதான் துல்லியமாக அளக்கும். பட்டோடியே சொல்லியிருக்கிறார்: சிகரெட்டைப் பற்ற வைக்கப் போனால் நெருப்பு நுனியிலே படாது, டம்ளரிலே தண்ணீர் ஊற்றினால் மேசையிலே கொட்டும்! தண்ணீரையே சரியாக ஊற்ற முடியாதவர், வேகப்பந்தை எப்படி அய்யா அடிப்பார்? அந்தப் பந்து அரை நொடிக்குள்ளே வந்துவிடுமே!

அவர் வலைப்பயிற்சிக்குப் போனார். மறுபடியும் மறுபடியும் போனார். நிற்கிற நிலையை மாற்றினார். பார்வை போன கண்ணை மறைக்கிற மாதிரி தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டார். ஹைதராபாத்திலே இங்கிலாந்து அணியோடு ஒரு பந்தயம். கண்ணுக்குள்ளே லென்ஸ் போட்டுக்கொண்டு ஆடினார். ஒரு பந்து இரண்டாகத் தெரிந்தது! உள்பக்கம் தெரிகிற பந்தை மட்டும் அடித்தார். அப்புறம் அந்த லென்ஸையும் கழற்றிவிட்டு, ஒற்றைக் கண்ணாலேயே ஆடி 70 ஓட்டம் எடுத்தார்.

விபத்து நடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பரிலே டெல்லியில் முதல் டெஸ்ட் ஆடிவிட்டார். 1962 ஜனவரியிலே நம்ம சென்னையில், கார்ப்பரேஷன் ஸ்டேடியத்திலே 103 ஓட்டங்கள்! அந்தப் பந்தயத்தை வென்றுதான் இங்கிலாந்துக்கு எதிராக முதல் முறையாக ஒரு தொடரைக் கைப்பற்றியது இந்தியா.

இந்த இடத்திலே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். என் அப்பா தையற்காரர். வயதான காலத்தில் அவருக்கு ஒரு கண் மங்கிப்போனது. "ஊசியைக் குடுங்கப்பா, நான் கோத்துத் தர்றேன்" என்று நான் கையை நீட்டினால் தரமாட்டார். அஞ்சு தடவை தவறும், ஆறாவது தடவை நூல் நுழையும். "அந்த நவாப் பையன் ஒத்தைக் கண்ணுல ஓடுற பந்தையே அடிச்சான்டா. இது ஓடாம நிக்கிற ஊசிதானே?" என்பார். அவருக்குக் கிரிக்கெட் விதி ஒன்றுகூடத் தெரியாது. அந்தச் சென்னைப் பந்தயத்தின் வர்ணனையை டீக்கடை ரேடியோவில் கேட்டவர், அவ்வளவுதான்.

சரி, பட்டோடிக்குத் தலைமைப் பதவி எப்படி வந்தது? 1962 மார்ச் மாதம் பார்படாஸிலே அப்போதைய தலைவர் நாரி கான்ட்ராக்டரின் தலையைக் கிரிஃபித்தின் பந்து தாக்கியது. உயிருக்கே ஆபத்தாகிவிட்டது. 21 வயதுப் பட்டோடி தலைவரானார். அன்றைக்கு உலகத்திலேயே மிக இளைய டெஸ்ட் தலைவர். இதையும் எதிரணியினர் அதிர்ஷ்டம் என்பார்கள். ஒருவர் மண்டை உடைந்ததை அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை அய்யா! அந்தத் தொடரில் ஐந்துக்கு ஐந்தும் தோல்வி. கையிலே கிடைத்தது கிரீடம் இல்லை, சுமை!

அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டுதான் நடந்தார். 'நீ பம்பாய்க்காரன், நான் சென்னைக்காரன்' என்று ஊர் ஊராகப் பிரிந்து கிடந்தவர்களிடம், 'நாம் இந்தியர்கள்' என்றார். இதை அவரிடம் ஆடிய பேடி போன்றவர்களே சொல்லியிருக்கிறார்கள். நம்மிடம் வேகப்பந்து இல்லையே என்று அழவில்லை. இருக்கிற சுழற்பந்தையே ஆயுதமாக்கினார்.

1967-இல் இங்கிலாந்தின் லீட்ஸில் பாலோ-ஆன் வாங்கிய நிலையில் 148 அடித்தார். அடுத்து மெல்போர்ன். தொடைத் தசையிலே காயம். 25 ஓட்டத்துக்கு ஐந்து விக்கெட் போன நேரத்தில் நொண்டிக்கொண்டே இறங்கி 75. அடுத்த இன்னிங்ஸில் 85. ஒரு கண், ஒரு கால்! இரண்டு பந்தயமும் தோல்விதான். ஆனால் அடுத்து நியூசிலாந்து. 1932 முதல் டெஸ்ட் ஆடிவந்த இந்தியா, வெளிநாட்டில் ஒரு டெஸ்ட்கூட வென்றதில்லை. 1968-இல் டுனெடினில் வென்றது. தொடரையும் 3-1 என்று வென்றது. பிரசன்னாவும் பேடியும் நட்கர்னியும் சுழற்றினார்கள். பின்னால் நின்று நடத்தியவர் பட்டோடி.

1971-இலே என்ன ஆச்சு? தேர்வுக்குழுத் தலைவரின் ஒரே ஓட்டிலே தலைமைப் பதவி போனது. தேர்தலில் நின்றார், தோற்றார். அதே ஆண்டு மன்னர் மானியமும் பட்டமும் சட்டப்படி ஒழிந்தன. பிறப்பு கொடுத்ததை எல்லாம் காலம் வாங்கிக்கொண்டது. மனுஷன் வீட்டிலே முடங்கினாரா? 1973 ஜனவரியிலே வெறும் 'மன்சூர் அலி கான்' என்ற பெயரில் சேப்பாக்கத்துக்கு வந்தார். தனக்குக் கீழே ஆடிய வடேகர் தலைமையில், சாதாரண ஆட்டக்காரராக ஆடி 73 எடுத்தார். நடுவர் அவர்களே, பதவியிலே இருக்கும்போது நிமிர்ந்து நிற்பது பெரிசில்லை. பதவி போன பிறகு, அதே இடத்துக்கு அமைதியாக வந்து உழைக்கிறானே, அவன்தான் பெரிய மனிதன்!

"40-இல் 9 தானே ஜெயித்தார், 19 தோற்றாரே" என்று கேட்கலாம். கணக்கு சரிதான். 2,793 ஓட்டங்கள், சராசரி 35-க்குச் சற்றுக் குறைவு. இதைவிடப் பெரிய கணக்குக்காரர்கள் பின்னால் வந்தார்கள். ஆனால் 'வெளிநாட்டிலும் நம்மால் ஜெயிக்க முடியும்' என்று நம்பக் கற்றுக்கொடுத்தாரே, அந்தக் கணக்கை எந்த ஸ்கோர் புத்தகத்திலே எழுதுவீர்கள்?

2011 செப்டம்பர் 22-ஆம் தேதி டெல்லியிலே மறைந்தார். போகும்போதும் ஒன்று செய்தார். ஐம்பது ஆண்டு அவரைத் தாங்கிய அந்த ஒரு கண்ணையும் தானமாகக் கொடுத்துவிட்டுப் போனார்!

அதிர்ஷ்டம் கொடுத்தது இரண்டு கண், எடுத்துக்கொண்டது ஒன்றை. மிச்சமிருந்த ஒன்றை வைத்து நாட்டை நிமிர வைத்தது மன உறுதி, மன உறுதி, மன உறுதியே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு வேண்டி அமர்கிறேன்.