லெட் செப்பலின்: பாடலுக்குக் கீழே யாருடைய பெயர்?

லெட் செப்பலின் இசைக்குழுவின் இரசிகர்களிடையே ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓயாத வாதம் ஒன்று உண்டு. அவர்களின் தொடக்ககால ஒலிப்பதிவுகளில் எது அவர்களுடையது, எது முன்னோடிகளுடையது? அந்தப் பாடல்களையும் அவற்றுக்கு மூலமான பழைய இசைத்தட்டுகளையும் அருகருகே வைத்துக் கேட்கும் பழக்கம் எனக்கும் உண்டு. இதை வெறும் இரசிகர் சண்டையென்று என்னால் ஒதுக்க முடியவில்லை. பாடலின் கீழே யாருடைய பெயர் அச்சாகிறதோ, உரிமைப்பணமும் அவருக்கே போகிறது.

1968இல் ஜிம்மி பேஜ், றொபேர்ட் பிளான்ட், ஜோன் போல் ஜோன்ஸ், ஜோன் போன்ஹாம் ஆகிய நால்வரும் லண்டனில் ஒன்றுசேர்ந்தார்கள். முதல் அல்பத்தை ஏறக்குறைய 36 மணித்தியாலங்களில் பதிவுசெய்து முடித்தார்கள். அது 1969 ஜனவரியில் வெளிவந்தது. அதிலுள்ள இரண்டு பாடல்கள் சிக்காகோ புளூஸ் இசையின் பெரும் பாடலாசிரியர் வில்லி டிக்சனுடையவை என்று அட்டையிலேயே குறிப்பிடப்பட்டிருந்தது. அதே அல்பத்தின் 'டேஸ்ட் அன்ட் கொன்ஃபியூஸ்ட்' பாடலோ பேஜின் பெயரில் வந்தது. ஜேக் ஹோம்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் அதே தலைப்பில், அதே இறங்குமுக பேஸ் மெட்டோடு 1967இலேயே ஒரு பாடலை வெளியிட்டிருந்தார். 2010இல் அவர் வழக்குத் தொடுத்தார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. 'பேப் ஐம் கோனா லீவ் யூ' நாட்டார் பாடலாகக் காட்டப்பட்டது. அதை எழுதிய ஆன் பிறெடனின் பெயர் 1990 அளவிலேயே சேர்ந்தது.

இரண்டாவது அல்பத்தின் 'ஹோல் லொட்டா லவ்' இன்னும் தெளிவான உதாரணம். மடி வோட்டர்ஸ் 1962இல் பாடிய, டிக்சன் எழுதிய 'யூ நீட் லவ்' பாடலை முதலில் கேளுங்கள். பிளான்ட் பாடும் வரிகளின் பெரும்பகுதி அங்கே இருக்கிறது. ஆனால் பாடலைத் தூக்கி நிறுத்தும் அந்தக் கிற்றார் அடி அங்கே இல்லை. நடுவில் வரும் விசித்திர ஒலிக்கோலமும் இல்லை. அவை லெட் செப்பலினின் சொந்தச் சேர்க்கை. ஆகவே இசையில் புதுமை இருந்தது, சொல்லில் கடன் இருந்தது. 1985இல் டிக்சன் வழக்குப் போட்டார். 1987இல் உடன்பாடு வந்தது. பின்னைய பதிப்புகளில் அவருடைய பெயரும் இடம்பெற்றது.

எல்லா ஒற்றுமையும் களவல்ல என்பதையும் சொல்லவேண்டும். 'ஸ்டெயர்வே டு ஹெவன்' பாடலின் தொடக்கம், ஸ்பிரிட் குழுவின் 1968ஆம் ஆண்டு 'டோறஸ்' இசையிலிருந்து எடுக்கப்பட்டதென வழக்கு வந்தது. 2016இல் ஜூரிகள் லெட் செப்பலினுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தனர். 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. படிப்படியாக இறங்கும் அத்தகைய சுரவரிசை எவருக்கும் தனிச்சொத்தல்ல.

கடன் வாங்கியதை ஒப்புக்கொண்டும் பெரிய இசை படைக்கலாம் என்பதற்கு அவர்களிடமே சான்று இருக்கிறது. 1927இன் மிசிசிப்பிப் பெருவெள்ளம் பற்றி கன்சாஸ் ஜோ மக்கோயும் மெம்பிஸ் மினியும் 1929இல் பதிவுசெய்த பாடலே 'வென் த லெவி பிறேக்ஸ்'. 1971இல் லெட் செப்பலின் அதை எடுத்தபோது மினியின் பெயரையும் சேர்த்தே வெளியிட்டது. மூலத்தில் இரண்டு கிற்றார்களும் ஒரு குரலும் மட்டுமே. இவர்களின் பதிவிலோ, மாடிப்படிக்கட்டின் அடியில் வைத்துப் பதிவான போன்ஹாமின் மேளம் வெள்ளமாகவே இறங்குகிறது. மினியின் பெயர் கூட இருந்ததால் அந்த மேளத்தின் பெருமை எள்ளளவும் குறையவில்லை.

ஒப்பிட்டுக் கேட்க விரும்புவோருக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் சொற்கள், அடுத்து மெட்டு, கடைசியாக வாத்திய அமைப்பு என்று பிரித்துக் கேளுங்கள். எது வந்தது, எது சேர்ந்தது என்பது அப்போது விளங்கும்.

டிக்சன் 1992இல் காலமானார். புளூஸ் கலைஞர்கள் தமக்குரிய பணத்தைப் பெற உதவுவதற்காக அவர் தொடங்கிய 'புளூஸ் ஹெவன்' அமைப்பு, அவர் பணியாற்றிய செஸ் நிறுவனத்தின் பழைய கட்டடத்தில் சிக்காகோவில் இயங்குகிறது.