கல்லின் விலையும் சுமையின் விலையும்: கங்கைகொண்ட சோழபுரத்து மதிலை முன்வைத்து

கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் பொறியாளர் ஆர்தர் காட்டனின் திட்டப்படி கீழணை எழுந்தபோது, கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலின் சுற்றுமதில் ஏறக்குறைய முழுவதும் பிரிக்கப்பட்டது. சிற்ப வேலைப்பாடு கொண்ட கற்களும் அணை வேலைக்குப் போயின. ஊர் மக்கள் தடுக்க முயன்று தண்டனை பெற்றார்கள் என்றும், மதிலுக்கு ஈடாகச் செங்கல் சுவர் எழுப்பித் தருவதாகச் சொன்ன வாக்கு காப்பாற்றப்படவில்லை என்றும் இந்தியன் ஆன்டிக்வரி இதழின் 4ஆம் தொகுதியில் இடம்பெற்ற குறிப்பு கூறுகிறது. இதை அந்நிய ஆட்சியின் அலட்சியம் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அலட்சியம் இருந்தது, ஐயமில்லை. ஆனால் அது இடிப்பு எப்படி எளிதாயிற்று என்பதைத்தான் விளக்கும். அந்தக் கற்களே ஏன் தேவைப்பட்டன என்பதற்கு விடை வேறிடத்தில் இருக்கிறது. கல்லின் மதிப்பு பாறையில் இல்லை, அதைச் சுமந்து கடந்த தொலைவில்தான் இருக்கிறது என்பதே என் வாதம்.

கோயில் இருக்கும் அரியலூர் மண்ணின் இயல்பை முதலில் பார்க்க வேண்டும். கிரெட்டேசியக் காலத்துக் கடலடி வண்டல் அது. சுண்ணாம்புக்கல், களிமண், மணற்பாறை, அவற்றினிடையே சிப்பிகளும் அம்மோனைட்டுகளும். கிழக்கே ஜெயங்கொண்டம் பக்கம் மணற்பாறையும், அதற்கு அடியில் பழுப்பு நிலக்கரியும் கிடக்கின்றன. தெற்கே கொள்ளிடத்து வண்டல். தூணுக்கும் உத்திரத்துக்கும் ஆகும் கருங்கல் இங்கே தரையில் தலைகாட்டுவதில்லை. மேற்கே பெரம்பலூர்ப் பக்கம் போனால்தான் பாறை வெளியே தெரியும். பெரம்பலூரிலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் நேர்கோட்டிலேயே 60 கிலோமீட்டருக்கு மேல். கல் எத்திசைக் குன்றிலிருந்து வந்திருந்தாலும், 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் ராசேந்திரன் எழுப்பிய கோயிலின் ஒவ்வொரு கல்லும் மாடும் மனிதனும் இழுத்துக் கொண்டுவந்த கல்.

ரோமானிய உலகில் இந்தச் சுமையின் கணக்கு எழுத்திலேயே கிடைக்கிறது. பேரரசர் டயோக்ளீசியன் 301இல் பிறப்பித்த விலை ஆணையில் பளிங்குக் கற்களுக்கு அடிக்கணக்கில் உச்சவிலை உண்டு. எகிப்தின் கிழக்குப் பாலைவனத்துச் செம்பார்ஃபிரிக்கு 250 தினாரி. ஆசியா மைனரின் உள்நாட்டு டொக்கிமியம் பளிங்குக்கு 200. மர்மரா கடல் தீவான ப்ரொக்கொன்னெசஸின் பளிங்குக்கு 40. முதலிரண்டும் கப்பலேற்றும் இடத்திலிருந்து வெகுதொலைவில் வெட்டப்பட்டவை. மூன்றாவதை வெட்டிய இடத்துக்கு அருகிலேயே கப்பலேற்றிவிடலாம். நிறத்தின் பெருமைக்கும் பேரரசரின் விருப்பத்துக்கும் விலையில் பங்குண்டு என்பதை மறுக்கவில்லை. எனினும் அதே எகிப்தியப் பாலைவனத்து மோன்ஸ் கிளாடியானஸ் குவாரியைப் பார்த்தால் சுமைதான் முந்திநிற்கிறது. ரோமின் பாந்தியன் முகப்புக்கு அங்கிருந்து சென்ற தூண்கள் ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 60 டன் எடையும் கொண்டவை. நைல் நதியை அடையவே 120 கிலோமீட்டர் பாலைவன வழி. அங்கே கிடைத்த ஆயிரக்கணக்கான எழுத்துப் பொறித்த ஓடுகளில் பெரிதும் பேசப்படுவது தண்ணீர், தானியம், விலங்குகள், ஆட்கள். அதாவது கல்லை நகர்த்தும் செலவு.

சோழர் கல்வெட்டுகள் பொன்னையும் நெல்லையும் விளக்குக்கு விட்ட ஆட்டையும் நுணுக்கமாகக் கணக்கிடுகின்றன. கட்டிய கல்லுக்கு அத்தகைய கணக்கு அவற்றில் பொதுவாக இல்லை. ஆனால் கல் அருமையானது என்பதைக் கட்டடங்களே காட்டுகின்றன. கோயிலுக்கு அருகிலுள்ள மாளிகைமேட்டு அகழாய்வில் வெளிப்பட்ட ராசேந்திரனின் அரண்மனை செங்கல்லால் ஆனது. மரத்தூண்களைத் தாங்கும் அடிப்பகுதிகளில் மட்டும் கருங்கல். கோயிலைக் கல்லால் எழுப்புவது சமய மரபு என்பார்கள். அம்மரபையும், தொலைவிலிருந்து வரும் கல்லை எதற்குச் செலவிடுவது என்ற தேர்வையும் பிரித்துப் பார்க்க முடியாது. கலிங்கப் பாணிச் செம்மணற்கல் சிற்பங்கள் அருகிலுள்ள செங்கமேட்டிலும், சாளுக்கியப் பாணிச் சூரிய பீடம் பெருங்கோயிலிலும் இன்றும் இருக்கின்றன. வென்ற நாட்டின் கல்லைச் சுமந்து வந்து நிறுத்துவதே வெற்றியின் அறிவிப்பாக இருந்தது.

இனி 1836க்குத் திரும்பலாம். கீழணையிலிருந்து கோயில் எட்டுக் கிலோமீட்டர் அளவில்தான். வெட்டிச் செதுக்கிச் சதுரமாக்கிய கருங்கல் அங்கே அடுக்கியே இருந்தது. மேற்கிலிருந்து புதிதாகக் கல் கொண்டுவர மாடும் வண்டியும் கூலியும் வேண்டும். கோயிலிலிருந்து எடுத்தால் அந்தச் செலவில் பெரும்பகுதியை எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே சோழநாட்டு உழைப்பாளிகள் செலுத்திவிட்டார்கள். அவர்களுடைய முதுகு சுமந்ததைப் பொறியாளர்கள் விலையின்றி எடுத்துக்கொண்டார்கள். ரோமிலும் இதுவே நடந்தது. பழைய பொதுக்கட்டடங்களைக் கல்லுக்காக இடிப்பதைத் தடுத்தும், அதற்கு அனுமதி தரும் அதிகாரிகளுக்குத் தண்டம் விதித்தும் பேரரசர் மஜோரியன் 458இல் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. இந்தியா முழுமைக்குமான தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் 1904இல்தான் வந்தது. இக்கோயில் உலக மரபுச் சின்னமானது 2004இல். அதே ஆண்டில், கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே நீர்பெறும் வீராணம் ஏரி சென்னைக்குக் குடிநீர் தரத் தொடங்கியது. அணையால் விளைந்த நன்மையை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். அதன் செலவில் ஒரு பகுதியை இந்தக் கோயில் செலுத்தியிருக்கிறது என்பதும் பதிவாக வேண்டும்.

இன்றைய வணிகமும் அதே விதிப்படிதான் நடக்கிறது. பெரம்பலூர்க் குவாரிகளின் ஜல்லியும் எம்-சாண்டும் யூனிட் கணக்கில் லாரியேறுகின்றன; கருங்கல் இல்லாத டெல்டாவில் வீடு கட்டுபவர் கல்லோடு லாரி வாடகைக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார். குவாரியின் உரிமையிலும் ஒற்றுமை உண்டு. ரோமில் பெருங்குவாரிகள் பேரரசருக்கு உரியவையாகி ஒப்பந்தக்காரர்களிடம் விடப்பட்டன. இங்கே அரசு குத்தகைக்கு விட்டு சீனியரேஜ் கட்டணமும் நடைச்சீட்டும் வைத்திருக்கிறது.

கோயிலின் கல் எங்கிருந்து வந்தது என்பதைச் சோதித்தறிய வழி உண்டு. மத்தியதரைக் கடல் நாடுகளில் சிதறிக்கிடக்கும் பளிங்கு எந்தக் குவாரியில் பிறந்தது என்பதை ஐசோடோப்பு ஆய்வு கொண்டு கண்டறிகிறார்கள். கருங்கல்லுக்கு மென்தகட்டு நுண்ணோக்கி ஆய்வும் வேதியியல் பகுப்பாய்வும் உண்டு. கோயிலில் எஞ்சிய மதிற்கல், கீழணையின் பழைய கட்டுமானத்துக் கல், பெரம்பலூர்ப் பாறை ஆகிய மூன்றிலிருந்தும் மாதிரி எடுத்து ஒப்பிடும் பணியைத் தொல்லியல் துறையும் பல்கலைக்கழகப் புவியியல் துறைகளும் சேர்ந்து மேற்கொள்ள வேண்டும். குவாரிகளில் பழைய உளிக்குழிகள் தெரியும் பாறை முகங்களை, வெடிவைத்துத் தகர்ப்பதற்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். குத்தகை ஆணையிலேயே அதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம்.