மனவடு: "என்ன நடந்தது, சொல்லுங்க"

கொஞ்சம் சீரியஸான பதிவு இது. மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க அடுத்த பதிவு வரைக்கும் பொறுத்துக்கணும் :-)

மனவடு. மதுரையில் இருந்தவரை இந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. நம்ம ஊர்ல 'மன அதிர்ச்சி' என்போம், இல்லேன்னா 'ட்ராமா' என்று அப்படியே போட்டுடுவோம். சூக் வந்த பிறகு ஈழத்து நண்பர்கள் வாயில்தான் முதலில் கேட்டேன். அதிர்ச்சி வந்து போய்விடும். வடு கூடவே இருக்கும். நெருக்கீடு, உளவளத்துணை, உளவளத்துணையாளர் என்று இந்தத் துறைக்கு ஒரு தனி அகராதியே அவங்ககிட்ட புழங்குது. எதனால் என்று சொல்லத் தேவையில்லை.

படிக்கிறது கம்ப்யூட்டர் சமாச்சாரம். இதெல்லாம் ரயிலில் வாசிப்பதுதான். ஆனா ஒரு கேள்வி விடமாட்டேங்குது: கொடுமையை அனுபவித்து வந்த ஒருத்தரை எதிரே உட்கார வைத்து "என்ன நடந்தது, சொல்லுங்க" என்று கேட்பது மருந்தா, இன்னொரு அடியா?

அமைதியான ஏரி, வங்கி, கம்பெனிப் பெயர்ப்பலகைகள் என்றுதான் சூக்கை எல்லாருக்கும் தெரியும். இங்கேயும் 2001 செப்டம்பர் 27 அன்று கன்டோன் சட்டசபைக்குள் துப்பாக்கியோடு நுழைந்த ஒருவன் 14 அரசியல்வாதிகளைக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டான். உயிர் பிழைத்தவர்கள் இந்தச் சின்ன ஊரில்தான் தொடர்ந்து வாழ்ந்தார்கள்.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட சம்பவங்களுக்குப் பிறகு உலகம் முழுக்கப் பிரபலமாக இருந்த முறை 'டிப்ரீஃபிங்'. தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆட்களுக்காக அமெரிக்காவின் ஜெஃப்ரி மிட்செல் 1983-ல் எழுதி வைத்தது. சில நாட்களுக்குள் எல்லாரையும் கூட்டி, பார்த்ததைப் பேச வைப்பார்கள். கொட்டித் தீர்த்துட்டா சரியாயிடும் என்பது நம்பிக்கை. 2002-ல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு இதைப் போட்டு உடைத்தது. ஒரே அமர்வில் பேச வைப்பது பிந்தைய பாதிப்பைத் தடுக்கவில்லை, சிலருக்கு நிலைமை மோசமாகவும் ஆகியிருக்கலாம்!

இதற்கு முன்பே, 1992-ல், அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் ஒரு வரிசை சொல்லியிருந்தார். முதலில் பாதுகாப்பு, பிறகுதான் நினைவுகூர்தலும் துக்கமும், அதற்குப் பிறகு மனிதர்களோடு மீண்டும் சேர்தல். இன்று 'மனவடு அறிந்த அணுகுமுறை' என்று சொல்லப்படுவதன் முதுகெலும்பு இதுதான். "உனக்கு என்ன கோளாறு?" என்று ஆரம்பிக்கக் கூடாது. "உங்களுக்கு என்ன நேர்ந்தது?" என்று மனதில் வைத்துக்கொண்டு பழகணும், அதையும் அவசரப்பட்டுக் கேட்கக் கூடாது. எங்கே உட்காரணும், கதவு திறந்திருக்கணுமா, இன்றைக்குப் பேசலாமா வேண்டாமா, எல்லாம் வந்தவர் முடிவு.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா முதல் படியான அந்தப் 'பாதுகாப்பு' ஊரிலேயே இல்லேன்னா?

யாழ்ப்பாணத்து வரலாறு இங்கேதான் முக்கியமாகிறது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர் நடந்துகொண்டிருக்கும்போதே அங்கே வைத்தியம் பார்த்த மனநல மருத்துவர். 1987 அக்டோபர் 21, 22-ல் யாழ் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இந்திய அமைதிப்படை சுட்டதில் டாக்டர்கள், நர்ஸ்கள், நோயாளிகள் செத்தார்கள். (இந்தியாவில் பள்ளிப் பாடத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.) அவரோடு சேர்ந்து 'முறிந்த பனை' எழுதிய நால்வரில் ஒருவரான ராஜனி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். 1995 அக்டோபர் கடைசியில் வலிகாமமே காலி செய்துகொண்டு நடந்தது. 'பிந்தைய' நெருக்கீடு என்று பெயர் வைக்க முதலில் போர் முடியணுமே? 1980-ல் அமெரிக்க நோய்ப் பட்டியலில் சேர்ந்த அந்தப் பெயர், வியட்நாமிலிருந்து வீடு திரும்பிவிட்ட சிப்பாய்களை மனதில் வைத்து வந்தது. வன்னியில் இருந்தவருக்குத் திரும்ப வீடே இல்லை.

நோயாளிகளும் புத்தகத்தில் இருப்பது போல வரவில்லை. தலையிடி, உடம்பு நோ, நெஞ்சு படபடப்பு என்று வந்தார்கள். சோமசுந்தரமும் கூட இருந்தவர்களும் அவங்க கையில் ஏற்கெனவே இருந்ததை எடுத்தார்கள்: மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம், அவரவர் சமயத்து மந்திரம் அல்லது ஜெபம், சடங்கு. ஆசிரியர்களையும் ஊர்ப் பணியாளர்களையும் பயிற்றுவித்தார்கள். 2007-ல் அவர் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போனது. காயம் தனி ஆளுக்குள் மட்டும் இல்லை, ஊருக்கே பட்டிருக்கிறது. ஒருவரையொருவர் சந்தேகிப்பது, வாயைத் திறக்காமல் இருப்பது, எதற்கும் பிறர் கையை எதிர்பார்ப்பது, எல்லாம் அந்தக் காயத்தின் அடையாளம்.

மட்டக்களப்புப் பக்கம் அம்மன் கோயில்களில் 90-களில் நடந்ததை மானுடவியலாளர் பட்ரீசியா லாரன்ஸ் பதிவு செய்திருக்கிறார். காணாமல் போன பிள்ளையைப் பற்றி வெளியே கேட்டால் ஆபத்து. சாமி வந்து வாக்குச் சொல்பவரிடம் கேட்கலாம், அழலாம். நான் பெரிய பக்தன் கிடையாது. ஆனா தாய் அழுவதற்கு ஒரு பத்திரமான இடம் என்று பார்த்தால், ஹெர்மன் சொன்ன முதல் படிதானே அது?

இதற்கு மறுபக்கமும் உண்டு. இங்கிருந்து ரொம்ப தூரமில்லாத கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள், கதையைச் சொல்வதையே சிகிச்சையாக்கினார்கள். வாழ்க்கையை ஒரு கயிறாகத் தரையில் நீட்டி, நல்லதுக்குப் பூ, கெட்டதுக்குக் கல் வைத்து, பிறகு ஒவ்வொன்றாக, வரிசையாகச் சொல்வது. சுனாமிக்குப் பிறகு வடகிழக்கு முகாம் ஒன்றில் 31 பிள்ளைகளிடம் இதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள் (2009-ல் வெளியானது). கதைமுறையில் ஆறு மாதம் கழித்து 81% தேறினார்கள், தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தவர்களில் 71%. சின்ன ஆய்வு, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றே முடிவு. சிகிச்சை கொடுத்தது உள்ளூரில் பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுது.

சரி, சுவிஸ். சித்திரவதையிலும் போரிலும் பாதிக்கப்பட்டவர்களுக்காகச் செஞ்சிலுவைச் சங்கம் பெர்னில் 1995-ல் ஒரு சிகிச்சை மையம் தொடங்கியது. அங்கே அவசரப்படுத்தாமல் கேட்பார்கள். அதே மனிதர் அகதி விசாரணையில் உட்கார்ந்தால், தேதி, இடம், ஆள் என்று எல்லாம் ஒழுங்காகச் சொல்லணும். அகதிச் சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி முக்கியமான இடத்தில் முன்னுக்குப் பின் முரணாகப் பேசினால் நம்பத்தக்கதில்லை. வடுப்பட்ட நினைவு துண்டு துண்டாகத்தான் வரும் என்று ஒரு அறையில் தெரிகிறது, இன்னொரு அறையில் அதுவே அவருக்கு எதிரான சாட்சி.

மொழிபெயர்ப்பாளராகப் போகிற ஒரு அக்காவிடம் இதைக் கேட்டேன். அவவும் அதே போரிலிருந்து வந்தவதான். "தம்பி, 'என்' பர்மிட் கையில இருக்கும் வரைக்கும் ஒருத்தரும் நித்திரை கொள்ளுறேல்ல. பர்மிட் வந்தாப் பிறகுதான் வருத்தமே தொடங்கும்" என்றார்.